‘தாஹினே’வுக்கும் ‘முட்’டுக்கும் நடுவே: என்.சி.சி. பற்றி ஓர் எளிய அறிமுகம்

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, என்.சி.சி.யில் சேர விருப்பமுள்ளவர்கள் மாலையில் மைதானத்துக்கு வரலாம் என்று ஆசிரியர் அறிவித்ததும் வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினோம். நாட்டுப்பற்றுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. பரேடு முடிந்ததும் பூரி மசால் தருவார்கள் என்று மேல் வகுப்பு அண்ணன்கள் சொல்லி வைத்திருந்தார்கள். இப்போது என் மகள் எட்டாம் வகுப்பு. அதே போன்றதொரு படிவத்துடன் வீட்டுக்கு வந்தாள். “என்ன சொல்லித் தருவார்கள்? ராணுவத்தில் கட்டாயம் சேரவேண்டி வருமா? படிப்பு கெடாதா?” என்று வீட்டில் எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். தேசிய மாணவர் படை என்னும் என்.சி.சி. ராணுவம் அல்ல. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது; ராணுவ அதிகாரிகள் நடத்துகிறார்கள்; சீருடை, துப்பாக்கி, பதவிப் பெயர்கள் எல்லாம் ராணுவச் சாயலில் இருக்கின்றன. ஆனால் இதில் சேர்ந்தவர் என்பதற்காக ஒருவரைப் போர்ப்பணிக்கு அனுப்ப முடியாது. அதை 1948-ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. மூன்று ஆண்டு பயிற்சி பெற்றுவிட்டு வங்கிக்கோ வயலுக்கோ போகலாம். பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள்.

இதன் வேர் வெள்ளையர் ஆட்சியில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட 1917-இல் பல்கலைக்கழகங்களில் மாணவர் படைப்பிரிவு தொடங்கினார்கள். பெயரை மாற்றி மாற்றி அது ஓடிக்கொண்டிருந்தது. விடுதலையை ஒட்டி ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைத்து, பள்ளி முதல் கல்லூரி வரை நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பாக என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தார்கள். அந்தப் பரிந்துரையின்படி 1948 ஜூலை 15-இல் இன்றைய என்.சி.சி. பிறந்தது. அடுத்த ஆண்டே மாணவியர் பிரிவு. 1950-இல் விமானப் பிரிவு. 1952-இல் கடற்படைப் பிரிவு. கொடியில் உள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்களும் இந்த முப்படைகளுக்குத்தான்.

சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1968-இல், மீண்டும் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல முடிவு. கட்டாயத்தின் பேரில் வெயிலில் நிற்பவன் கற்றுக்கொள்வது, யாருக்கும் தெரியாமல் வரிசையிலிருந்து நழுவுவது எப்படி என்பதை மட்டுமே.

அந்த 1968-இல் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஜனவரி 23 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானம் என்றால் இருமொழிக் கொள்கைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அதே தீர்மானத்தில் இருந்தது. மைதானத்தில் கத்தும் நாலைந்து சொற்களுக்காகச் சட்டமன்றமா என்று இளைய வாசகர்கள் வியக்கலாம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்களே உயிரைக் கொடுத்திருந்த காலம் அது. இன்றோ பள்ளிக் காலை வழிபாட்டில் உடற்கல்வி ஆசிரியர் “அட்டென்ஷன்” என்கிறார், என்.சி.சி. வரிசையில் “சாவ்தான்” என்கிறார்கள். இரண்டுக்கும் அசையாமல் நிற்கும் பிள்ளைக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்தால் நல்லது.

சரி, மைதானத்துக்குப் போவோம்.

முதல் நாள், முதல் கட்டளை: “லம்பா தாஹினே, சோட்டா பாயே.” உயரமானவர் வலக்கோடியில், குட்டையானவர் இடக்கோடியில், ஒரே வரிசை. அதுவரை நாங்கள் நின்ற வரிசை வேறு. நண்பர்கள் பக்கத்தில் நண்பர்கள், ஒரே தெருக்காரர்கள் ஒன்றாக, முதல் ரேங்க் வாங்குகிறவர்கள் ஆசிரியரின் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில். ஒரு நிமிடத்தில் அத்தனையும் கலைந்தது. என் வலப்பக்கம் நின்றவனோடு நான் அதுவரை பேசியதே இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் அவன் தோளைப் பார்த்துத்தான் என் வரிசையைச் சரிசெய்துகொண்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் பள்ளிப் பிள்ளைகள் கையில் நிறக் கயிறு கட்டுவார்கள். எந்த நிறம் எந்தச் சாதி என்பது வெளியூர்க்காரருக்குப் புரியாது. உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். சீருடை போட்டால் கையில் கயிறு கூடாது என்றார் எங்களுக்குப் பயிற்சி தந்த ராணுவ ஹவில்தார். அவர் வடநாட்டுக்காரர், கயிற்றின் பொருள் அவருக்குத் தெரிந்திருக்காது. கைக்கடிகாரம் தவிர மணிக்கட்டில் எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் அவர் அறிந்த விதி. பரேடு நாளில் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள், முடிந்ததும் மறுபடி கட்டிக்கொண்டார்கள். சிலர் கட்டிக்கொள்ள மறந்தார்கள். என்.சி.சி.யின் நோக்கங்களில் ‘மதச்சார்பற்ற பார்வை’, ‘தோழமை’ என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். எனக்கு அவற்றின் பொருள், அந்த மறந்துபோன கயிறுகள்தான். பெரிய புரட்சி என்று சொல்லமாட்டேன். வாரத்தில் மூன்று மணி நேரம், அவ்வளவுதான்.

அணிநடைப் பயிற்சிக்கு, அதாவது டிரில்லுக்கு, வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைப்போல அர்த்தமற்ற வேலை உலகத்தில் இருக்காது. வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு, நட, நில். நானும் முதல் மாதம் அப்படித்தான் நினைத்தேன். அதிலிருந்த சூட்சுமத்தை விளக்கியவர் எங்கள் பயிற்சி ஹவில்தார். அதற்குக் கட்டளை எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஒவ்வொரு கட்டளையும் இரண்டு துண்டு. “தாஹினே” என்பது எச்சரிக்கைச் சொல்: வலப்பக்கம் திரும்பப் போகிறோம், தயாராக இரு. “முட்” என்பது செயல் சொல்: இப்போது திரும்பு. “தேஜ்” என்றால் விரைநடைக்குத் தயார். “சல்” என்றதும் இடது காலை எடுத்து வை. “சாவ்தான்” என்ற ஒரே சொல்லைக்கூட “சாவ்” என்று இழுத்து, “தான்” என்று வெட்டுவார்கள். இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. என்ன நடக்கப் போகிறது என்பது வரிசையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அசையக்கூடாது.

புதியவர்களின் தவறெல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கும். கெட்டிக்காரப் பையன்கள்தான் அதிகம் மாட்டுவார்கள். “தாஹினே” என்றதுமே திரும்பிவிடுவான். மற்ற முப்பது பேர் நேரே பார்த்துக்கொண்டிருக்க இவன் மட்டும் வலப்பக்கம் பார்த்து நிற்பான். வகுப்பில் ஆசிரியர் கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்லிப் பாராட்டு வாங்கிப் பழகியவன். இங்கே அதே குணத்துக்கு மைதானத்தை ஒரு சுற்று ஓடவேண்டியிருக்கும். நான் நான்கு முறை ஓடினேன். ஐந்தாம் முறை, அந்த அரை நொடியில் என் மூச்சையும் பக்கத்தில் இருப்பவன் மூச்சையும் கேட்க ஆரம்பித்தேன். ‘முட்’ விழுந்ததும் வலது குதிகாலிலும் இடது கால்விரலிலும் உடல் சுழன்றது. “ஏக்” என்று எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். “தோ தீன்” வரை காத்திருந்து இடது காலை வலது காலோடு சேர்த்தோம். முப்பது பூட்ஸ், ஒரே சத்தம். அது ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பூரி மசாலுக்காக வந்தவன்கூட அடுத்த வாரமும் வருவான்.

டிரில் கீழ்ப்படிதலைக் கற்றுத் தருகிறது என்று பலரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. சொன்னதை உடனே செய்வது யாருக்கும் எளிது. செய்யத் தெரிந்ததைக் கூட்டத்துக்காக நிறுத்தி வைப்பதுதான் கடினம். ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்பது என்.சி.சி.யின் குறிக்கோள் வாசகம், 1980-இல் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டையும் தனித்தனிப் பண்புகளாக எண்ணி நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். மைதானத்தில் அவை ஒன்றுதான். அந்த அரை நொடி என் ஒழுக்கம். அதன் பின் எழும் ஒற்றைச் சத்தம் எங்கள் ஒற்றுமை.

சில பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல் வரும். நடக்கத் தொடங்கியதும் இடது காலோடு இடது கையும் சேர்ந்து முன்னால் போகும். தெருவில் நடக்கும்போது சரியாகத்தான் கை வீசுவார்கள். யாராவது கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் உடம்பு குழம்பிவிடுகிறது. நிமிடத்துக்கு 120 எட்டு, ஒவ்வொன்றும் 30 அங்குலம் என்று விரைநடைக்குக் கணக்கு உண்டு. கணக்கைச் சொல்லி இவர்களைத் திருத்த முடியாது. எங்கள் ஹவில்தார் அப்படிப்பட்டவர்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட நடப்பார். கவனம் பேச்சில் போனதும் கை தானாகச் சரியாகிவிடும்.

ஒழுக்கத்துக்கு இங்கே நான்கு விதிகள் சொல்வார்கள். எந்தக் கேடட்டை, அதாவது என்.சி.சி. மாணவனை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். சிரித்த முகத்தோடு கீழ்ப்படி, நேரம் தவறாதே, ஆர்ப்பாட்டமில்லாமல் கடினமாக உழை, சாக்கும் பொய்யும் சொல்லாதே. இவற்றில் நேரம் தவறாமை தானாக வந்துவிடும். ஆறு மணி பரேடுக்கு ஐந்தே முக்காலுக்கு நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது ஒருமுறையில் தெரிந்துவிடுகிறது. உழைப்பும் பழகிவிடும். நான்காவதுதான் என்னைப் படுத்தியது.

ஒரு சனிக்கிழமை என் பெல்ட்டின் பித்தளை மங்கியிருந்தது. காரணம் கேட்டார்கள். வீட்டில் விருந்தினர், இரவு மின்வெட்டு, பாலிஷ் டப்பா தீர்ந்துவிட்டது என்று மூன்று காரணம் வைத்திருந்தேன், மூன்றும் உண்மை. ஹவில்தார் மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, பெல்ட் மின்னுகிறதா?” என்றார். இல்லை என்றேன். “அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்று அடுத்தவனிடம் போய்விட்டார். தண்டனைகூட இல்லை. உண்மையான காரணமும் சாக்காக முடியும் என்பது பதின்மூன்று வயதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி. இன்றும் அலுவலகத்தில் ஒரு வேலை தாமதமானால் ‘முடியவில்லை, நாளை தருகிறேன்’ என்பதை முதலில் சொல்லிவிட்டு, கேட்டால் மட்டும் காரணத்துக்குப் போகிறேன்.

முதல் விதியோடுதான் எனக்குச் சிறு பிணக்கு. சிரித்த முகத்தோடு கீழ்ப்படிவது பூட்ஸ் துடைப்பதற்கும் குப்பை பொறுக்குவதற்கும் சரி. மூத்த கேடட் ஒருவன் தன் பதவிப் பட்டையைக் காட்டி இளையவர்களை வாட்டினாலும் அதே விதியைச் சொல்லலாமா? கூடவே கூடாது. 2023-இல் மகாராஷ்டிரத்தின் தாணேயில் ஒரு கல்லூரியில் மூத்த மாணவன் ஒருவன் இளைய கேடட்டுகளைத் தடியால் அடிக்கும் காட்சி வெளிவந்து நாடே பார்த்தது. அடிப்பது பயிற்சியின் பகுதி அல்ல. பிள்ளைகளைச் சேர்க்கும்போதே பெற்றோர் இதை அவர்களிடம் சொல்லி அனுப்பவேண்டும்: ஓடச் சொன்னால் ஓடு, அடித்தால் வந்து சொல்.

துப்பாக்கி பற்றிக் கேட்காத பையனே கிடையாது. ஆம், சுடக் கற்றுத் தருகிறார்கள். பாயிண்ட் டூ டூ ரைஃபிள், 25 மீட்டர் தூரம், தரையில் குப்புறப் படுத்த நிலை, ஐந்து தோட்டா. சுடுவதற்கு முன் பல வாரம் வெறும் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டவேண்டும், அலுப்பு தட்டும். ரேஞ்சுக்குப் போனபின் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. நடுப்பொட்டில் பட்டதா என்பதை முதலில் பார்ப்பதில்லை. ஐந்து தோட்டாவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாகப் பட்டிருக்கின்றன என்று அளக்கிறார்கள். இதற்கு ‘குரூப்பிங்’ என்று பெயர். ஐந்தும் மூலையில் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் அவன் நல்ல சுடுநன். குறியைச் சற்று நகர்த்தினால் போதும். ஒன்று பொட்டில், மற்ற நான்கும் நாலு திசையில் என்றால் அந்த ஒன்று அதிர்ஷ்டம். என் முதல் தாளில் மூன்று ஓட்டைதான் இருந்தன. மற்ற இரண்டும் பக்கத்து இலக்கில் கிடைத்தன. பக்கத்தில் சுட்டவன் தாளில் ஏழு.

வரைபடம் படித்தல், திசைகாட்டி, முதலுதவி, தூரம் கணித்தல், மறைந்து நகர்தல் என்று பாடத்திட்டம் நீளும். விமானப் பிரிவில் விமான மாதிரிகள் செய்வதும் கடற்படைப் பிரிவில் படகு வலிப்பதும் முடிச்சுகள் போடுவதும் கூடுதல்.

பள்ளியில் சேர்பவர் ஜூனியர் பிரிவு, இரண்டு ஆண்டு. முடிவில் ‘ஏ’ சான்றிதழ். கல்லூரியில் சீனியர் பிரிவு; இரண்டு ஆண்டில் ‘பி’, மூன்றாம் ஆண்டில் ‘சி’. ஒவ்வொன்றுக்கும் 75 சதவீத வருகை, முகாம் அனுபவம், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு உண்டு. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும் உள்ளவர்கள், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே ராணுவ அதிகாரி நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தனி வழி இருக்கிறது. தேறினால் பயிற்சி நம் சென்னை பரங்கிமலையில். போலீஸ் தேர்விலும் சிறிது மதிப்பெண் கிடைக்கும். இந்தச் சலுகைக்காக மட்டும் சேர்பவர்களை நான் குறை சொல்லவில்லை. நான் பூரிக்காகச் சேர்ந்தவன்.

பள்ளியில் இதை நடத்துபவர் ஏ.என்.ஓ. எனப்படும் இணை அலுவலர். அவர் அதே பள்ளியின் ஆசிரியர்தான். வகுப்பில் வேதியியல் நடத்துபவர் சனிக்கிழமை தோளில் நட்சத்திரத்தோடு வந்து நிற்பார். ஆண்கள் நாக்பூர் அருகே காம்ப்டியிலும் பெண்கள் குவாலியரிலும் பயிற்சி முடித்துவிட்டு வந்திருப்பார்கள். நல்ல ஏ.என்.ஓ. வாய்த்த பள்ளியில் என்.சி.சி. உயிரோடு இருக்கும், இல்லாவிட்டால் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். சேர்வதற்கு முன் மேல் வகுப்பு மாணவர்களிடம் இதை விசாரிப்பது உத்தமம்.

முகாம் இல்லாமல் என்.சி.சி. பாதிதான். ஆண்டுப் பயிற்சி முகாம் பத்து நாள். பல பள்ளி, கல்லூரிகளிலிருந்து சில நூறு பேர் வந்து சேர்வார்கள். ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்ட்டா என்று ‘கம்பெனி’ எனப்படும் குழுக்களாகப் பிரித்து, உன் பள்ளிக்காரர்களிடமிருந்து உன்னைப் பிரித்துவிடுவார்கள். விடியுமுன் விசில். தட்டும் குவளையும் ஏந்தி வரிசையில் நின்று சாப்பாடு. தன் தட்டைத் தானே கழுவவேண்டும். வீட்டில் காபி டம்ளரை அலம்பாத மகன், பத்து நாள் கழித்துத் திரும்பியதும் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போவதைப் பார்த்து என் அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அந்தப் பழக்கம் ஒரு வாரம் நீடித்தது.

இரவுக் காவல் பணி வரும். இரண்டு மணி நேரம் மூங்கில் கழியோடு வாயிலில் நிற்கவேண்டும். யாராவது வந்தால் “தம்! கௌன் ஆதா ஹை?” என்று அதட்டவேண்டும், நில், வருவது யார் என்று பொருள். நள்ளிரவில் முகாம் கமாண்டரே சோதிக்க வருவார் என்று சொல்லியிருந்தார்கள். என்னோடு நின்ற உசிலம்பட்டிப் பையனுக்கு அந்த இந்தி வாயில் நுழையவில்லை. இருட்டில் உருவம் தெரிந்ததும் “தம்!” என்று கத்திவிட்டு, மீதி மறந்துபோய், “யாருய்யா அது?” என்று கேட்டான். வந்தவர் கர்னல்தான். சிரிக்காமல் “தோஸ்த்” என்றார். நண்பன் என்பது அதற்குரிய பதில். மறுநாள் அணிவகுப்பில், விழிப்பாக இருந்ததற்காக அவனைப் பாராட்டினார். சட்டமன்றத் தீர்மானம் பற்றி அவனுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

முகாம் என்றதும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. 2024-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரைச் சொல்லி நடத்திய போலி முகாமில் மாணவியர் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று என்.சி.சி. அறிவித்தது. சீருடையைப் பார்த்ததும் நம்பிவிடும் நம் பழக்கம் அங்கே பிள்ளைகளைக் கைவிட்டது. எனவே மூன்றைக் கேளுங்கள்: எந்த பட்டாலியன் (உங்கள் பகுதிப் பள்ளிகளின் என்.சி.சி.யைக் கவனிக்கும் படைப்பிரிவு) நடத்துகிறது, எழுத்துப்பூர்வ ஆணை எங்கே, மாணவியரோடு பெண் அலுவலர் யார் தங்குகிறார். அந்த பட்டாலியன் அலுவலகத்துக்கே தொலைபேசியில் பேசிச் சரிபாருங்கள். உண்மையான முகாம் என்றால் மூன்றுக்கும் உடனே பதில் வரும். பெற்றோரின் கையொப்பம் இல்லாமல் பிள்ளையை அழைத்துப் போகவும் மாட்டார்கள். தயங்கினால் அனுப்பாதீர்கள், சீருடை எவ்வளவு விறைப்பாக இருந்தாலும்.

படிப்பு கெடுமா என்பதற்கு என் பதில்: வாரம் ஒன்றிரண்டு காலைகள், ஆண்டில் பத்து நாள் முகாம். கெடுவதற்கு இதைவிடத் தாராளமான வழிகள் வீட்டிலேயே இருக்கின்றன.

சேர்க்கை, பள்ளி திறந்த சில வாரங்களில் நடக்கும். ஓட்டம், உயரம், பொதுவான உடல்நலம் பார்ப்பார்கள்; இடங்கள் குறைவு, பள்ளிகளில் பொதுவாக ஒரு ட்ரூப்புக்கு, அதாவது ஓர் அணிக்கு, நூறு பேர். மகளின் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பூட்ஸ் விஷயம் மட்டும் இன்னும் சொல்லவில்லை: முதல் பரேடுக்குப் புது பூட்ஸோடு போகக்கூடாது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு, ஒரு வாரம் மாலையில் வீட்டைச் சுற்றி நடந்து பழக்கிக்கொண்டு போகவேண்டும். நான் அதைச் செய்யவில்லை. குதிகாலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.